விசுக்கனிப் பழங்களும் முற்றத்துக் கீரையும்

திருவட்டாறு,
சித்திரை 6.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சித்திரைப் பிறப்பான விசுவுக்கு முந்தைய நாள் மாலையில் கிடைத்தது. கோயம்புத்தூரில் வெயில் ஏறிவிட்டது என்றும், அண்ணனுக்கு இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துப் பச்சைக் காய்களையும் கீரையையும் கூட்டும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றும், கடையிலிருந்து வாங்கிவந்த சாலட் இரண்டாம் நாளே அவருக்குச் சலித்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். நம் ஊரில் விளையும் பழத்தையும் கீரையையும் வைத்தே அப்படி ஒன்றைச் செய்ய முடியாதா என்று நீ கேட்டிருந்த கேள்விக்கு அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கையால் செய்து, நாவால் ருசி பாராமல் உனக்கு எழுதுவது சரியென்று தோன்றவில்லை. விசு கழிந்த இந்த நாள்களில் மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். மூன்றாவது முறைதான் மனம் நிறைந்தது.

இங்கே விசு நல்லபடியாக நடந்தது. பெங்களூரிலிருந்து பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். விடியற்காலையில் கண் விழித்ததும் முதலில் கனி காண்பதற்காக அவள் கண்களைப் பொத்தி அழைத்துவந்து, கனி அடுக்கிய அகன்ற வெண்கலப் பாத்திரமான உருளியின் முன்னால் நிறுத்தியபோது, கொன்றைப்பூவின் மஞ்சளும் வெள்ளரியின் மஞ்சளும் விளக்கொளியில் ஒன்றாகிக் கிடந்ததைப் பார்த்து அவள் சற்று நேரம் பேசவே இல்லை. நம் அம்மாக்கள் வைத்ததைப் போலவே நெல்லும் தேங்காயும் கண்ணாடியும் நாணயமும் வைத்து, தோட்டத்து மாங்காய், ஒரு சிறிய சக்கை (பலாப்பழம்), ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம், இரண்டு செந்துளுவன் (செவ்வாழைப்பழம்), கை நிறையச் சாம்பக்காய் (நீர்ச்சத்து மிகுந்த ஜம்புப்பழம்) ஆகியவற்றையும் அடுக்கியிருந்தேன். கனி கண்டபின் அந்தப் பழங்கள் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும். மட்டிப்பழம் கைநீட்டக் காசு வாங்க வரும் குழந்தைகளோடு போய்விடும், மாம்பழம் புளிசேரி என்னும் மோர்க் குழம்புக்குள் போகும், மற்றவை இரண்டு நாள் உருளியிலேயே கிடந்து சுருங்கும். அன்று நண்பகலில் உன் கடிதத்தை நினைத்துக்கொண்டு அந்த உருளியின் முன்னால் நின்றபோதுதான், பழத்துக்கு நான் எங்கும் போகவேண்டியதில்லை, கீரையை மட்டும் தேடினால் போதும் என்று தெரிந்தது.

கீரை விஷயத்தை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் நான் தவறியதும் கற்றதும் அதில்தான். போன மாசியில் மாடித் தொட்டியில், கடைச் சாலட்டில் சேர்க்கும் இலையான லெட்டூஸை விதைத்திருந்தேன். முளைத்து நன்றாகத்தான் வந்தது. பங்குனி பிறந்ததும் நடுவிலிருந்து தண்டு ஒன்று விறுவிறுவென்று மேலே எழுந்து பூவெடுக்கத் தொடங்கியது. இலையைக் கிள்ளினால் பால் வடிந்தது, வாயில் வைத்தால் கசந்தது. குளிர்காலப் பயிரான அது நம் கடலோர வெப்பத்தைத் தாங்காமல் அவசரமாக விதை வைக்க முனைகிறது என்பதே காரணம். உங்களுக்கு நீலகிரியில் விளைந்தது மேட்டுப்பாளையம் வழியாகப் புதிதாகவே வந்து சேரும். அதனால் உனக்கு அந்தக் குறை இல்லை. எனக்கோ, லெட்டூஸ் அந்தக் கலவையில் செய்கிற வேலை என்ன என்று யோசிக்க வேண்டியிருந்தது. இளசாக, நீர்ச்சத்தோடு, கடித்தால் நறுக்கென்று உடைந்து, பழத்தின் இனிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிற ஓர் இலை வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட இலை எங்கள் கிணற்றடியிலேயே கிடந்தது.

பருப்புக்கீரையைச் சொல்கிறேன். மணற்பாங்கான இடத்தில் யாரும் விதைக்காமலே தரையோடு படர்ந்து, சிவந்த தண்டும் தடித்த சிறு இலையுமாகக் கிடக்கும் அதைக் களை என்று நாம் பிடுங்கி எறிந்த காலம் உனக்கு நினைவிருக்கும். அதன் தண்டும் இலையும் பச்சையாகவே தின்னத் தக்கவை. இலேசான புளிப்பும் ஈரமும் கொண்டவை. அதில் நான் வியந்த செய்தி ஒன்று உண்டு. முதல் நாள் மாலை மூன்று மணிக்குப் பறித்தது சப்பென்று இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பறித்ததோ எலுமிச்சை பிழிந்ததுபோல் புளித்தது. நீர் குறைந்த காலத்தில் அந்தச் செடி பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் மட்டும் காற்றை உள்ளே இழுத்து அதை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. பொழுது ஏற ஏற அந்த அமிலத்தைச் செலவழித்து உணவு தயாரிக்கிறது. எனவே விடியலில் அதன் புளிப்பு உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் தீர்ந்துபோகும். ஒரே செடி, ஒரே இலை, பறிக்கிற வேளை மட்டும் வேறு. அடுப்பில் வைக்கும் குழம்பு என்றால் புளியைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம். தீ படாத உணவில் எப்போது பறித்தோம், எப்போது கழுவினோம், எப்போது கலந்தோம் என்பதே சமையலாகிவிடுகிறது என்பதை அந்தச் செடிதான் எனக்கு உணர்த்தியது.

அதனுடன் முளைக்கீரைத் தளிரைச் சேர்த்தேன். விதைத்த பன்னிரண்டாம் நாள், விரல் உயரம் வந்ததும் கத்தரியால் வெட்டி எடுத்தால் நார் இருக்காது. இருபது நாளுக்கு மேல் விட்டால் அது துவரன் என்னும் பொரியலுக்குத்தான் ஆகும். வல்லாரையில் பத்து இலைக்கு மேல் வேண்டாம். அதன் கசப்பு கொஞ்சமாக இருக்கும்வரை அழகு, மிகுந்தால் பழத்தின் சுவையை விழுங்கிவிடும். புதினாவை நறுக்காமல் கையால் கிள்ளிப் போட வேண்டும். முருங்கை இலையையும் அகத்தியையும் சேர்க்கலாமா என்று பேத்தி கேட்டாள். அவை வேக வேண்டிய கீரைகள், பச்சையாகத் தின்னும்போது வாயிலும் வயிற்றிலும் பாரமாகும் என்று மறுத்துவிட்டேன்.

கழுவுவதில் நீ சற்றும் சலிக்கக் கூடாது. வேகாத கீரை என்பதால் மண்ணோ கிருமியோ இருந்தால் அப்படியே உள்ளே போகும். வாய்க்கால் ஓரத்து வல்லாரையை நான் பச்சையாகச் சேர்ப்பதே இல்லை, தொட்டியில் வளர்ந்ததைத்தான் எடுக்கிறேன். முதலில் ஓடும் நீரில் அலசி, பிறகு உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் சிறிது நேரம் போட்டு, மீண்டும் இரண்டு முறை நல்ல நீரில் அலசுகிறேன். கடைசி அலசலுக்குப் பானைத் தண்ணீரை எடுத்தால், வெயிலில் துவண்டிருந்த இலைகூடக் கால் மணி நேரத்தில் நிமிர்ந்துகொள்ளும். அதன்பின் பழைய தோர்த்தில் (துண்டில்) பரப்பி ஈரம் போகும்வரை விட வேண்டும். முதல் முறை இந்தப் பொறுமை எனக்கு இல்லாமல் போயிற்று. இலையில் நின்ற நீர் பழச்சாற்றோடு சேர்ந்து கிண்ணத்தின் அடியில் குளம்போல் நின்றது, மேலே ஊற்றிய சாறு எதிலும் ஒட்டவில்லை.

இனிப் பழம். இதில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொடுத்துவைத்த இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெறுகிற மண் அல்லவா! எங்கள் பின்கட்டில் நிற்கும் சக்கை, பேச்சிப்பாறையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம். ஆண்டுக்கு இரண்டு பருவம் காய்க்கிறது. சக்கையில் வருக்கை, கூழன் என்று நாம் பிரிப்பது இந்தக் கலவைக்கு மிகவும் முக்கியம். கூழன் எவ்வளவு இனித்தாலும் கைபட்டதும் கரைந்து கீரையோடு ஒட்டிக் குழைந்துவிடும், அதைத் தனியாகத்தான் தின்ன வேண்டும். வருக்கைச் சுளையை நீளவாக்கில் மெல்லிய நாராகக் கீறிப் போட்டால், பல்லில் படும்போது ஒரு முறுகல் இருக்கும். பழுத்து மணக்கத் தொடங்கிய முதல் நாளே எடுத்துவிட வேண்டும், மறுநாள் இனிப்பு ஏறிச் சுளை தளர்ந்துவிடும். கொட்டையையும் எறியாதே, வேகவைத்துத் தோலை உரித்து வட்டமாக அரிந்து சேர்த்தால் அந்த ஒரு கிண்ணமே இரவு உணவாகிவிடும்.

மாங்காயில் செங்கவருக்கை என்னும் வகை பாதி பழுத்த நிலையில், அதாவது தோல் பச்சையாகவும் உள்ளே மஞ்சள் ஏறியும் இருக்கும்போது, இதற்கென்றே படைத்ததுபோல் அமைகிறது. சாம்பக்காயின் தனிச்சுவை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அதன் நீரும் நறுமணமும் மற்ற எல்லாவற்றையும் இலேசாக்குகின்றன. வெள்ளரியைப் பிஞ்சாக எடுத்துக்கொள். உருளியில் வைத்த முற்றிய மஞ்சள் வெள்ளரி கறிக்கு மட்டும்தான்.

வாழைப்பழத்தில்தான் எனக்கும் பேத்திக்கும் கருத்து வேறுபாடு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழத்தைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். பச்சைக் குழந்தைக்கு முதல் பழமாக ஊட்டுகிற அளவுக்கு மென்மையான அது, கரண்டி பட்டதும் மாவாகிவிடுகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்தோடு பிசைந்து தின்னும்போது அந்த மென்மைதான் அதன் பெருமை. கீரையோடு கலக்கும்போது அதுவே இடையூறு. முடிவில், கலவைக்குள் செந்துளுவனைச் சற்றுத் தடித்த வில்லைகளாக அரிந்து, கறுக்காமல் இருக்க உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டிப் போட்டேன். மட்டிப்பழத்தை உரித்து முழுதாக ஓரத்தில் வைத்தேன். அவளும் ஒப்புக்கொண்டாள்.

அன்னாசிப்பழத்தையும் பப்பாளியையும் பற்றி ஓர் எச்சரிக்கை. குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கு இடையே விளையும் அன்னாசிப்பழம் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. கலவைக்கு மிகவும் நல்லது. ஆனால் அதைச் சேர்க்கிற நாளில் தயிர் சேர்க்காதே. பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்னும் நொதிப்பொருள் பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். பப்பாளியில் உள்ள பப்பைனும் அதே வேலையைச் செய்யும். அரை மணி நேரத்தில் தயிர் கசந்து நீர்த்துப்போவதை நான் கண்டேன். ஆவியில் சற்று வாட்டினால் அந்த நொதி அடங்கும் என்றாலும், வாட்டிய பழத்தைப் பச்சைக் கலவையில் சேர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

மேலே ஊற்றும் சாறுக்கு முதலில் தேங்காய் எண்ணெயைத்தான் எடுத்தேன். எலுமிச்சைச் சாற்றோடு அடித்தபோது நன்றாகவே இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழத்தின்மீது ஊற்றியதும் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மணல்போல் ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதை அத்தனை ஆண்டு மார்கழியில் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்து எடுத்த நான் மறந்திருக்கக் கூடாது. மூன்றாவது முறை, ஈத்தாமொழித் தேங்காய் அரை மூடியைத் துருவி, நீர் அதிகம் சேர்க்காமல் முதல் பாலை எடுத்து, அதைக் கொண்டு செய்தேன். எண்ணெயும் நீரும் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்து நிற்பதால் அது இலை முழுவதும் மெல்லிய படலமாகப் படர்கிறது. கீரையிலும் மாம்பழத்திலும் உள்ள கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சமேனும் கொழுப்பு வேண்டும். கீரையின் இரும்புச் சத்து சேர எலுமிச்சையின் வைட்டமின் சி துணைசெய்யும். ஆகவே இந்த இரண்டும் சுவைக்காக மட்டும் சேர்வன அல்ல.

இனிப்புக்குத் தேன் ஒரு தேக்கரண்டி. இந்தப் பருவத்தில் புதுத்தேன் வந்துவிடும் என்பது உனக்கு நினைவிருக்குமா? மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்த்து நின்ற ரப்பர் மரங்கள் மாசியில் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் அதைத்தான் எடுத்து வருகின்றன. பூவிலிருந்து வராமல் தளிரிலிருந்து வருகிற தேன் அது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்ததிலிருந்து நம் பக்கத்து வீடுகளில் அந்தத் தொழில் நிலைத்துவிட்டது. தளிரிலிருந்து வந்த தேனைத் தளிர்க்கீரையின்மேல் ஊற்றுகிறோம் என்று பேத்தியிடம் சொன்னபோது, அவள் அந்தக் காம்பைப் பார்க்க வேண்டும் என்று என்னைத் தோட்டத்துக்கே இழுத்துப்போய்விட்டாள்.

நால்வருக்கு நான் எடுத்த அளவைக் குறித்துக்கொள். பருப்புக்கீரை இரண்டு கைப்பிடி, முளைக்கீரைத் தளிர் இரண்டு கைப்பிடி, வல்லாரை பத்து இலை, புதினா ஒரு கைப்பிடி. வருக்கைச் சுளை ஆறு, மாங்காய் ஒன்று, சாம்பக்காய் எட்டு, வெள்ளரிப்பிஞ்சு ஒன்று, செந்துளுவன் ஒன்று. மெல்லியதாக அரிந்த சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) நான்கு. சாறுக்குக் கெட்டித் தேங்காய்ப்பால் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சை ஒன்று, தேன் ஒரு தேக்கரண்டி, இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி, இடித்த நல்லமிளகு கால் தேக்கரண்டி. (கோயம்புத்தூர்க் கடையில் நல்லமிளகு என்று கேட்டு அவர்களுக்குப் புரியாமல் போனதாக நீ முன்பு எழுதியிருந்தாய், குறுமிளகைத்தான் சொல்கிறேன்.) மேலே தூவ வறுத்த அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) பத்து. பழத்தை அரிந்து ஒரு பாத்திரத்திலும், கீரையைத் தோர்த்தில் சுற்றியும், சாற்றைத் தனிக் கிண்ணத்திலும் வைத்துக்கொண்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். உப்பை அதற்கும் பிறகு போட வேண்டும். உப்புப் பட்டதும் பழமும் இலையும் தம் நீரை வெளியே விடத் தொடங்கும். புளிப்புப் பட்ட கீரை பத்து நிமிடத்தில் நிறம் மங்கித் துவளும். இரண்டாவது முறை, விருந்தினர் வருவதற்கு அரை மணி முன்பே கலந்து வைத்து அந்த அழகையெல்லாம் கெடுத்தேன். மிச்சம் வைத்து மறுநாள் உண்ணும் உணவு இது அன்று. வேண்டிய அளவுக்கு மட்டும் கல.

இனி உங்கள் வீட்டைப் பற்றி. அண்ணனுக்குச் செய்யும்போது தேனையும் செந்துளுவனையும் விட்டுவிடு. சக்கையில் இரண்டு சுளைக்கு மேல் வேண்டாம். சாம்பக்காயையும் வெள்ளரிப்பிஞ்சையும் கீரையையும் கூட்டிக்கொள். அவர் மாத்திரை எடுக்கிறார் என்பதால், சோற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய். உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு சிறுநீரகக் கல்லால் நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. பருப்புக்கீரையிலும் முளைக்கீரையிலும் ஆக்சலிக் அமிலம் மிகுதி. வேகவைத்து நீரை வடித்தால் ஓரளவு குறையும், பச்சையாக உண்ணும்போது முழுதும் உள்ளே போகும். ஆகவே உன் பங்குக்கு அவற்றை விட்டு, லெட்டூஸையும் புதினாவையும் கொத்தமல்லியையும் எடுத்துக்கொள். அன்னாசியும் பப்பாளியும் இல்லாத நாளில் இரண்டு கரண்டி தயிரும் சேர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அந்த அமிலத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

அங்கே வருக்கைச் சுளை நல்லதாகக் கிடைக்காவிட்டால் பாதி பழுத்த கொய்யாவைப் போடு, முறுகல் குறையாது. சாம்பக்காய்க்கு ஈடாக எதைச் சொல்வதென்று யோசித்துப் பார்த்தேன். நுங்கை மெல்லியதாக அரிந்து போட்டால் அந்த நீர்மை கிடைக்கும் என்று நினைக்கிறேன். இங்கே நுங்கு இறங்கத் தொடங்கிவிட்டது, நாளை அதையும் செய்து பார்த்து எழுதுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் கோயம்புத்தூர் வருகிறான். ஒரு குப்பி புதுத்தேனும், வேரோடு எடுத்த வல்லாரைக் கொடியும், ஈரத் துணியில் சுற்றிய பருப்புக்கீரைத் தண்டு நாலைந்தும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தண்டை ஒரு விரல் நீளத்துக்கு ஒடித்து மணல் கலந்த மண்ணில் செருகி, வெயில் படும் இடத்தில் வை, வேர் பிடித்துவிடும். நீர் மிகுதியாக ஊற்றாதே. தழைத்ததும் ஒரு நாள் அதிகாலையில் அண்ணனையே அனுப்பி நான்கு இலை பறித்துத் தின்னச் சொல், பிற்பகலிலும் ஒரு முறை சொல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி.